விளங்காத ஆக்கள் கையை உயர்த்துங்கோ

"யசிந்தன், படகு தன்பாட்டில வரட்டும். நீர் இஞ்சால திரும்பும்."

இறங்குதுறைப் பக்கமிருந்து படகின் ஊதல் கேட்ட அதே நேரத்தில் நிருஜா ரீச்சர் இதைச் சொன்னாள். யன்னலோரம் இருந்த யசிந்தன் அசடு வழியத் திரும்பினான். வகுப்பு சிரித்தது.

"பொடியன் வெளியில பாப்பான் எண்டு அவவுக்கு முதலே தெரிஞ்சிருக்கே," என்றார் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த அதிகாரி பரமலிங்கம்.

"எல்லாம் அவவின்ர பாடத்திட்டத்தில இருக்கும் சேர். எங்க சிரிக்க வைக்கிறது, எங்க பொறுத்திருக்கிறது, படகு ஊதேக்க எந்தப் பிள்ளை வெளியில பாக்கும், எல்லாம்."

பின்வாங்கில் அதிகாரியின் பக்கத்தில் ஒடுங்கியிருந்த அதிபர் கந்தையா மெல்லத்தான் சொன்னார். உரக்கப் பேச அவருக்குத் தெம்பில்லை. நெடுந்தீவுக்கு ஒரு அதிகாரியைப் படகேற்றிக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்த மனிதருக்கோ திரும்பிப் போகும் படகிலேயே கண்.

சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில், ஒரு கூடை மீன் தெரிந்தது.

"பிலிப்பு அண்ணை பாதி மீனைக் குறிகட்டுவான் துறைக்கு அனுப்பிப்போட்டார். மிச்சத்தில மூண்டில ஒரு பங்கைத் தங்கச்சிக்குக் குடுத்தார். இப்ப கூடையில முழுசில எத்தினை பங்கு இருக்கு? அவசரமில்லை, யோசியுங்கோ."

நிருஜா பொறுத்திருந்தாள். கொப்பிகளில் பென்சில்கள் ஓடின. முன்வாங்கில் இருந்தவர்கள், "மூண்டில ஒண்டு ரீச்சர்," என்று கத்தினார்கள்.

"ஓம், மூண்டில ஒண்டு. கெட்டிக்காரர்."

பரமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலயும் இப்பிடி ஒரு பாடத்தை நான் காணேல்லை அதிபர்."

"அவவுக்கு இடமாற்றம் வந்திட்டுது சேர். கணக்குக்கு ஒரு ஆளைத் தாங்கோ. எத்தினை தரம் கேட்டிட்டன். பிள்ளையளுக்குச் சோதனை வருது. நான் சமயம் படிப்பிச்சவன், கணக்கு எனக்கு ஏலாது."

"ஆளில்லையெண்டு அழுகிற பள்ளிக்கூடங்கள் கன இருக்கு. இஞ்ச பாடம் ஒழுங்கா நடக்குது. பிள்ளையளும் கண்வெட்டாமப் பாத்துக்கொண்டிருக்குதுகள். பிறகென்ன? அடுத்த வருசம் பாப்பம்." அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

கந்தையாவுக்கு மனம் கசந்தது. கெஞ்சிக் கெஞ்சி நாக்கு வறண்டதுதான் மிச்சம். பாடம் நன்றாக நடந்துவிட்டதே என்று வருந்துகிற அதிபர் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, விளங்காத ஆக்கள் வெக்கப்படாமல் கையை உயர்த்துங்கோ," என்றாள் நிருஜா.

வகுப்பு அடங்கியது. மூலையில் இருந்த துசாரா மட்டும் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள்.

நிருஜா வழக்கம்போலப் பொறுத்திருந்தாள். பிறகு வாய் நிறையச் சிரித்தாள்.

"ஒருத்தருமில்லையோ? சந்தோசம். அடுத்த கணக்குக்குப் போவம்."

போன வருசமே தீவை விட்டுப் போய்விட்ட நிருஜா ரீச்சர், போகுமுன் பதிந்து கொடுத்த வீடியோவில், சுவர் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். துசாராவின் கை இறங்கவில்லை.