ஆளுக்கொரு விலை

"நேத்து மூவாயிரம்னு சொன்னீங்க. இன்னிக்கு ஆறாயிரமா?"

மருந்துக்கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றிருந்த அம்மாள் கேட்டாள். கைப்பையைத் துழாவித் துழாவி நோட்டுகளை எடுத்து வைத்தாள். பாதிதான் தேறியது.

"நேத்து விலை நேத்தோட போச்சு" என்றார் கடைக்காரர், முகத்தைக்கூட நிமிர்த்தாமல்.

பின்னால் இருமல் மருந்துக்காக நின்றிருந்த ரிடையர்டு கண்டக்டருக்குச் சுருக்கென்றது. அரை டிக்கெட்டுக்கும் முழு டிக்கெட்டுக்கும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்ட வாய், சும்மா இருக்குமா?

"என்ன ஊசிம்மா, இவ்வளவு விலை?"

"மஞ்சக் காய்ச்சல் ஊசிண்ணே. மக வெளிநாட்டுல இருக்கா, தலைப்பிரசவம். இது போட்டாத்தான் அங்க உள்ள விடுவாங்க. போட்டுப் பத்து நாள் ஆகணுமாம், இன்னிக்கு விட்டா டிக்கெட் வீணாயிடும். தையல் தைச்சு சேர்த்த காசெல்லாம் அந்த டிக்கெட்டுக்கே போச்சு."

கடைக்காரர் உதட்டைச் சுழித்தார். "ஏன், அங்க ஆஸ்பத்திரி இல்லையா, நர்ஸ் இல்லையா? ஊசியப் பார்த்தாலே மயங்கி விழற ஆளு, கடல் தாண்டிப் போய் என்னத்தக் கிழிக்கப் போறாங்க?"

"யோவ், வியாபாரத்தைப் பாருய்யா. அடுத்த வீட்டு விவகாரம் உனக்கெதுக்கு?" என்று பாய்ந்தார் கண்டக்டர்.

அதற்குள் முதுகில் பையோடு ஓர் இளைஞன் அவசரமாக உள்ளே வந்தான். அவனுக்கும் அதே ஊசிதான். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார், திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

"எவ்வளவு சார்?"

"மூவாயிரம்."

கண்டக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் காசைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டக்கூட இல்லை, மேசையில் ஓங்கித் தட்டினார்.

"என்னய்யா இது அநியாயம்! அதே ஊசி, அதே டப்பா. அவனுக்கு மூவாயிரம், இந்தம்மாவுக்கு ஆறாயிரமா? பொம்பளைன்னா இளிச்சவாயா?"

"என் கடை, என் விலை. கட்டுப்படியாகலன்னா வேற கடைக்குப் போகச் சொல்லுங்க."

வேறு கடை எங்கே இருக்கிறது? இந்த ஊசி போட அனுமதி வாங்கிய கடை ஊரிலேயே இது ஒன்றுதான். அந்தத் திமிரில்தான் இந்த ஆள் ஆடுகிறான் என்று நினைத்துக்கொண்டார் கண்டக்டர். அம்மாளோ அழுகையை விழுங்கிக்கொண்டு நோட்டுகளை மறுபடி எண்ண ஆரம்பித்தாள், எண்ணினால் கூடிவிடும் என்பது போல.

அதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. அன்றைக்குத்தான் பென்ஷன் வாங்கியிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் விசிறினார்.

"இந்தா, மீதி மூவாயிரம். இப்பப் போடுய்யா ஊசிய!"

கடைக்காரரின் முகம் கறுத்துவிட்டது. பணத்தை இந்தப் பக்கமே தள்ளினார். குளிர்பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பத்தாயிரம் குடுத்தாலும் போட மாட்டேன். இவங்க எங்கயும் போகக் கூடாது."

கண்டக்டர் அவர் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தார். "போகக் கூடாதுன்னு சொல்றதுக்கு நீ யாருய்யா?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல்முறையாகக் கடைக்காரரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"நல்லாக் கேளுங்கண்ணே. முப்பது வருஷமா நானும் இதைத்தான் கேக்கறேன், இந்த எம் புருஷனை!"