ஏழாவது ஆள்

கிருமித் தாக்குதல் ஒத்திகைக்காகக் காலை பத்து மணிக்கு ஆறு நர்சுகள் தனிமை வார்டுக்குள் போனார்கள். கடைசியாகப் போனவள் மூத்த நர்ஸ். வாசலில் ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றவள் அவளுடைய உயிர்த்தோழி. பயிற்சிக் காலத்திலிருந்து பதினெட்டு வருடமாக இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸ்.

"நீ வராம நான் கதவச் சாத்த மாட்டேன்டி. பயப்படாமப் போ."

ஒத்திகை முடிந்து மூத்த நர்ஸ் கையுறையைக் கழற்றிக் கை கழுவிவிட்டு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. கதவின் கண்ணாடிக்கு வெளியே தோழிக்குப் பக்கத்தில் ஆறு நர்சுகள் நின்றிருந்தார்கள். ஆறாவது ஆள் முகக்கவசத்தைக் கழற்றினாள். அது மூத்த நர்ஸின் முகம்.

உள்ளே இருந்தவள் கண்ணாடியைத் தட்டினாள். தோழி கிட்டே வந்து, கண்ணாடியில் கையை வைத்து உற்றுப் பார்த்தாள்.

"ஒத்திகை முடிஞ்சுபோச்சேடி. இது நான்தான்டி."

"தெரியுதுடி," என்றாள் தோழி மெதுவாக. "ஆனா ஆறு பேரும் வந்துட்டாங்க. ஏழாவதா யாரையும் வெளிய விட எனக்கு உத்தரவு இல்ல."

பிறகு கண்ணாடியைத் தொட்ட கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டு, வெளியே நின்றவளின் தோளில் அந்தக் கையைப் போட்டபடி டீ குடிக்கப் போனாள்.