பெயின்ட் நெடி

மண்ணூரில் சாயங்கால வெயில் வாசலில் சாய்ந்து கிடக்கிறது. கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு முதல் நாள் போய்த் திரும்பிய தேவசகாயம், தன்னையே பார்த்துக் குரைத்த வீட்டு நாய் சீசரை ஒன்றும் பேசாமல் உதைத்துவிட்டு நிற்கிறான். "இன்னாயா, அத்தப் போயி ஒதைக்கிற? நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னான்னே தெரியல, காலைலேர்ந்து கண்ணு தெரியாம செவுத்துல முட்டிக்கினு கீது" என்கிறாள் மனைவி அற்புதமேரி. சட்டையெல்லாம் பெயின்ட் நெடி. அதில் அவன் வாசனை நாய்க்கு எங்கே தெரியும். சீசர் நொண்டிக்கொண்டே படலில் மோதி வெளியே போய், அவன் தினமும் வருகிற ரோட்டுப் பக்கமாக மூக்கை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. பஸ் நிற்கும் சத்தம் கேட்டதும் அதன் வால் ஆடுகிறது. பெயர் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடும். உதைத்தது யாரென்றும் அதற்குத் தெரிந்துவிடும். தேவசகாயம் வாயைத் திறக்காமல் நிற்கிறான்.