விளக்கு வைக்கிற நேரம்

போச்சம்பள்ளித் தெருவில் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்புகின்றன. ஏழு மாதக் கர்ப்பிணி அனுப்ரியா செருப்பை மாட்டுகிறாள். மாமியார் சாந்தம்மா வாசலில் குறுக்கே கை வைத்து நிற்கிறாள். "விளக்கு வெக்கிற நேரத்துல புள்ளத்தாச்சி வெளிய போவக்கூடாதும்மா." "மனசு பாரமா இருந்தா படுத்துக் கெடக்காத, எழுந்து நடன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க அத்தே. காலைலேர்ந்து அழுதேனே, அதுக்கு யாரு நேரம் பாத்தீங்க?" சாந்தம்மாவின் கை தானாக இறங்குகிறது. வளைகாப்பு வளையல்கள் குலுங்க, கன்னத்தில் காய்ந்த கண்ணீரோடு அனுப்ரியா தெருவில் இறங்குகிறாள். பஸ் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. முகத்தைத் திருப்பாமல் நடக்கிறாள். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வருகிறாள் சாந்தம்மா, கையில் வேப்பிலைக் கொத்து. "நில்லுடி, காத்து கருப்பு அண்டாம இத இடுப்புல சொருவிக்க." அனுப்ரியா நிற்கவில்லை. "கூட நடந்துகிட்டே சொருவி வுடுங்க."