புறாவுக்கு ஒரு கூடு

தொழில் தொடங்கக் கற்றுத்தரும் வகுப்பில் தூக்கணாங்குருவி சேர்ந்திருந்தது. ஒரு பொருளைச் செய்து ஒருவரிடமாவது விற்றுக் காட்டினால்தான் தேர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள்.

குருவிக்கா கஷ்டம்? எதிர்வீட்டு ஜன்னல் விளிம்பில் நாலு குச்சியைப் போட்டு முட்டையிடும் புறாவை நினைத்துக்கொண்டு, நீண்ட குழாய் வாசலோடு ஒரு கூட்டைப் பின்னி முடித்தது.

"உள்ளே போய்ப் பாருங்கக்கா!"

புறா தலையை விட்டது. கழுத்தோடு மாட்டிக்கொண்டது. குருவிதான் வாலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தது.

"என் உடம்பை நீ பார்த்ததே இல்லையா தம்பி?" என்று மூச்சு வாங்கியது புறா. "கூடெல்லாம் எனக்கு எதுக்கு? காத்தடிச்சு முட்டை உருண்டு விழுந்துடுது. அதுதான் என் கவலை."

குருவி முகம் தொங்கிப்போய்த் திரும்பியது. பெண்குருவிக்குக் கட்டும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டு, அவள் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதானே மீதியைக் கட்டுவோம்? விற்பனை என்றதும் அது எப்படி மறந்துபோனது?

மறுநாள் காலையில் புல்லால் பின்னிய பாதி வளையம் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து ஜன்னல் விளிம்பில் வைத்தது.

"என்னப்பா, அரைகுறையாக் கொண்டு வந்திருக்கே?"

"ஆமாக்கா. மீதியை நீங்கதான் சொல்லணும்."

புறா அதற்குள் உட்கார்ந்து, அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தது.

"காத்து இந்தப் பக்கமிருந்துதான் வரும்," என்றது. "இங்கே இன்னும் கொஞ்சம் உயரமா வை."