வரைபடத்தில் இல்லாத சரிவு

“இந்த வீட்டை மட்டும் நானே நேர்ல வந்து பாத்துடறேன்” என்று வக்கீல் சொன்னதுமே அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இதற்கு முன்னால் பார்த்த வீடுகளையெல்லாம், பத்திரத்தையும் போட்டோக்களையும் மேஜையில் பரப்பி வைத்தே அவர் ஊத்தி மூடியிருந்தார். ஒரு வீட்டில் மாடி அறைக்கு அனுமதி இல்லை. இன்னொன்றில் புதுச் சுவர் பக்கத்து மனைக்குள் போயிருந்தது. அவர் சொன்னதெல்லாம் சட்டப்படி சரிதான். அதுதான் எரிச்சலே. கணவனும் மனைவியும் தங்களுக்குள் அவருக்கு ‘முட்டுக்கட்டை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குடியிருக்கும் வாடகை வீட்டையோ காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. இந்த வீடு அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. இதுவும் தட்டிப்போனால் இனி சொந்த வீடு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று கணவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டை விற்கும் அம்மா விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். ஆள் குள்ளம், பேச்சு நீளம். தொழிலுக்குத் தோதாக வீட்டையே மாற்றி வைத்திருந்தார். பெரிய பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போவதற்காக, வாசல் படிகளை எடுத்துவிட்டுச் சரிவாக சிமென்ட் போட்டிருந்தார். கதவுகளையெல்லாம் அகலமாக்கியிருந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரைக் காணோம். சமையல் மேடை, சுவிட்சுகள் எல்லாம் அவர் உயரத்துக்கு இறங்கி வந்திருந்தன. எதற்கும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

“நம்ம வீட்டை நாம மாத்தறதுக்கு யாரைக் கேக்கணும்னு இருந்துட்டேன் சார்” என்று வாசலிலேயே சரணடைந்தார் அந்த அம்மா. பிறகு கூடத்தில் கிடந்த நாற்காலியை வக்கீலுக்காக அவசரமாக இழுத்தார்.

“இருக்கட்டும்மா, தாராளமா இடம் இருக்கு” என்று வக்கீல் உள்ளே போனார்.

போனவர் லேசில் வரவில்லை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தார். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலுக்கு வந்து அந்தச் சரிவில் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். பிறகு டேப்பைக் கணவனிடம் கொடுத்து, சரிவின் முனையிலிருந்து தெரு எல்லை வரைக்கும் அளக்கச் சொன்னார்.

“ஏங்க, மனுஷன் ரெண்டாவது தடவையா சமையலறைக்குப் போறார்” என்று அவள் கணவனின் காதைக் கடித்தாள். “தேடித் தேடிக் குறை கண்டுபிடிக்கிறார். அவ்வளவுதான், இதுவும் போச்சு.”

கணவனுக்கும் அப்படித்தான் பட்டது. டேப்பைச் சுருட்டினான்.

அந்த அம்மாவுக்கும் அதே பயம் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. வக்கீல் வெளியே வந்ததும் முந்திக்கொண்டார். “சார், நாளைக்கே ஆள் விட்டுச் சரிவை இடிச்சுடறேன். வரைபடத்துல இருக்கற மாதிரியே படி கட்டிக் குடுத்துடறேன். வீட்டு வியாபாரம் மட்டும் நிக்கக் கூடாது.”

“இடிக்கவா?” வக்கீலின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “அதுல யாரும் கை வைக்கக் கூடாது.”

மூவரும் திகைத்துப் பார்த்தார்கள். அவர் மளமளவென்று விளக்கினார். சரிவு மனை எல்லைக்குள்ளேயே நிற்கிறது. எடுத்த சுவர் பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று ஒரு பொறியாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்துத் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பத்திரப் பதிவு. அதில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது.

“அப்போ நாங்க இந்த வீட்டை வாங்கலாமா சார்?”

“தைரியமா வாங்கும்மா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டாள். “அப்புறம் ஏன் சார் அவ்வளவு நேரம் சுத்திச் சுத்திப் பாத்தீங்க? எங்களுக்கு உயிரே போயிடுச்சு.”

வக்கீலுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. “எத்தனையோ வீட்டுக்குப் பத்திரம் பாத்துக் குடுத்திருக்கேன். வாசல்ல நாலு பேர் தூக்கிவிடாம நானா உள்ள போன முதல் வீடு இதுதாம்மா. குடிவந்ததும் ஒரு காபிக்குக் கூப்பிடுங்க.”

தள்ளிவிட வந்த கணவனைக் கையமர்த்திவிட்டு, ஃபைலை மடியில் போட்டுக்கொண்டு, தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டியபடி அந்தச் சரிவில் ஜம்மென்று இறங்கிப் போனார்.