தொண்ணூற்றெட்டு மதிப்பெண்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பைபிள் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அதன் மேல் அடித்தே சத்தியம் செய்திருப்பேன்.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் எங்கள் வாடகைக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தைப் பார்வையிட, வீட்டுவசதி ஆய்வாளர் மார்சா வந்த காலை அது. மேலாளர் வெர்னனின் பழுப்பு பூட்ஸ் விடியற்காலையிலிருந்தே அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வு நாளில் எல்லா மேலாளர்களும் செய்வதைத்தான் வெர்னனும் செய்தார்: எங்கே குழியோ, அங்கே ஒரு வண்டி. பதினான்காம் எண் வீட்டு டிப்பெட்ஸ் கிழவர் போன பனிக்காலத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பெரிய குழி ஒன்று உண்டு. அதன் மேல் தன் சொந்த வேனையே நிறுத்திவிட்டார்.

குழி தெரிந்தால் வெர்னனுக்கு வேலை போகும். தெரியாவிட்டால், அடுத்த ஆய்வு வரும்வரை மூன்று வருடத்துக்கு அதை மூட ஒருவரும் வரப்போவதில்லை.

மார்சாவின் கறுப்பு ஷூ வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இங்க ஒரு பெரிய குழி இருக்குன்னு டிப்பெட்ஸ் ஏழு லெட்டர் போட்டிருக்காரே?"

"எட்டாவதும் போடுவார், மேடம். மனுஷனுக்கு வேற பொழுதுபோக்கு இல்ல. வேணும்னா வேனை நகர்த்தட்டுமா?"

"ஐயோ, வேணாம். வண்டியை நகர்த்திப் பாக்க எங்களுக்கு அனுமதியே இல்ல. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் குறை."

அப்போது, "காப்பாத்துங்க! இங்க பாருங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கறுப்பு ஷூ சட்டென்று திரும்பியது.

"யாரது?"

"டிப்பெட்ஸ்தான். இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு தெரியுமில்ல? விடிஞ்சதுலேர்ந்து கத்திட்டிருக்கார்."

"பாவம், தொண்டை கட்டிக்கப்போகுது. சத்தத்துக்கு எங்க படிவத்துல கட்டமும் கிடையாது."

குரல் இன்னும் இரண்டு முறை கத்திவிட்டு ஓய்ந்தது. பேனா கிறுக்கியது.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. சக்கர நாற்காலிக்காரங்க இடத்துல நீலக் கோடு மங்கியிருக்கு, ரெண்டு மார்க் குறைச்சிட்டேன். நடக்க முடியாதவங்க விஷயத்துல நாங்க ரொம்பக் கறார், வெர்னன்."

"அதான் மேடம் வேணும். நாளைக்கே பெயின்ட் அடிச்சிடறேன்."

மார்சாவின் கார் கிளம்பிப் போனது. பழுப்பு பூட்ஸ் அவசரமே இல்லாமல் வேனுக்குத் திரும்பி வந்தது. முழங்கால் ஒன்று தாரில் ஊன்றியது. அன்றைக்கு முதன்முறையாக வெர்னனின் முகத்தைப் பார்த்தேன். நல்ல சிரித்த முகம்.

"இருட்டு விலகுறதுக்குள்ள டேப்பைத் தூக்கிட்டு குழிய அளக்க எறங்குனீங்களே, டிப்பெட்ஸ்... எத்தனை அடி வந்துச்சு?"